புல் பொய்த்தால் நிவாரணம் இல்லை: பேரிடர் விதிகளில் விடுபட்ட மேய்ச்சல் இழப்பு

புது தில்லி: வடக்கு சிக்கிமின் முகுதாங், யும்தாங் பகுதிகளில் 2018 டிசம்பரில் தொடங்கிய கடும் பனிப்பொழிவு, மாதக்கணக்கில் மலைப்பாதைகளை அடைத்து வைத்தது. மேய்ச்சல் வெளிகள் பனிக்குள் புதைந்தன. ஹெலிகாப்டர் மூலம் தீவனம் சேர்க்க நிர்வாகம் மேற்கொண்ட முயற்சிகள் பலனளிக்கவில்லை. 2019 மே மாதம் அதிகாரிகள் அங்கு சென்றடைந்தபோது, குறைந்தது 300 யாக் மாடுகள் பட்டினியால் இறந்திருந்தது தெரியவந்தது. இறந்த ஒவ்வொரு யாக்குக்கும் 30,000 ரூபாய் வீதம், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று மாடுகளுக்கு நிவாரணம் என அறிவிக்கப்பட்டது.

கடுங்குளிரைத் தாங்குவதற்கேற்ற உடலமைப்பு கொண்டவை யாக்குகள். மேய்ச்சல் கிடைக்காததே அவற்றின் முடிவுக்குக் காரணம். ஆனால், புல் கிடைக்காமல் போன அந்த மாதங்களில் அவற்றை வளர்த்த குடும்பங்களின் கைக்கு வரத்தக்க உதவித்தொகை எதுவும் பேரிடர் விதிகளில் இல்லை. மாடு இறந்த பிறகுதான் உதவி பெறும் தகுதியே பிறந்தது.

சிக்கிமில் நடந்தது விதிவிலக்கான நிகழ்வு அன்று. வறட்சி, வெள்ளம், பனிப்பொழிவு என எந்தப் பேரிடரிலும் விதிகள் இதே வகையில்தான் செயல்படுகின்றன. பயிர் இழப்புக்கு உதவி உண்டு. இறந்த கால்நடைக்கு உதவி உண்டு. முகாமில் கட்டப்பட்ட கால்நடைக்குத் தீவனம் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் அழிந்த புல்லுக்கு மட்டும் இந்தக் கணக்கில் தனி இடம் இல்லை.

விதிகள் சொல்வது என்ன?

பேரிடர் உதவியின் முதன்மை ஊற்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதியாகும். இதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 75 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவீதம். 2021-26 காலகட்டத்துக்கு இந்த நிதிக்காக 15-வது நிதி ஆணையம் 1,28,122 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அந்தப் பணத்தை எந்த இழப்புக்கு, எந்த அளவில் வழங்கலாம் என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிடும் உதவி நெறிமுறைகள் தீர்மானிக்கின்றன.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட நெறிமுறைகளின்படி, இறந்த பசு, எருமை, ஒட்டகம், யாக் ஆகியவற்றுக்குத் தலா 37,500 ரூபாயும், ஆடுகளுக்குத் தலா 4,000 ரூபாயும் வழங்கப்படும். ஒரு குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை விலங்குகள் அல்லது 30 சிறிய விலங்குகள் என்பது உச்சவரம்பு. நூறு ஆடுகளை இழந்தவருக்கும் 30 ஆடுகளுக்கான தொகையே கிடைக்கும்.

உயிருடன் இருக்கும் கால்நடைக்கான ஏற்பாடு வேறு. கால்நடை முகாம்களில் தீவனம், தண்ணீர், மருந்து ஆகிய அனைத்துக்கும் சேர்த்துப் பெரிய விலங்குக்கு நாளொன்றுக்கு 80 ரூபாயும் சிறிய விலங்குக்கு 45 ரூபாயும் அனுமதிக்கப்படுகின்றன. இயல்பான கால வரம்பு 30 நாட்கள். அதை 60 நாட்கள் வரையும், கடும் வறட்சியில் 90 நாட்கள் வரையும் நீட்டிக்கலாம். மாநிலச் செயற்குழு அதற்கு மேலும் நீட்டிக்க முடியும் என்றாலும், அந்தச் செலவு ஆண்டு ஒதுக்கீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முகாமுக்கு வெளியே உள்ள கால்நடைகளுக்கு விதி அளிப்பது, தீவனத்தைக் கொண்டுசெல்லும் போக்குவரத்துச் செலவை மட்டுமே. தீவனத்தின் விலை அதில் சேராது. லாரி வாடகைக்குப் பணம் உண்டு, லாரியில் ஏற்றும் வைக்கோலுக்கு இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

கணக்கில் வெளிப்படும் முரண்

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். ஒரு பசுவை 90 நாட்கள் முகாமில் வைத்துக் காப்பாற்ற 7,200 ரூபாய் ஆகும். அதே பசு இறந்தால் அரசு 37,500 ரூபாய் வழங்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் மாட்டைக் காப்பாற்ற முடியும் என்று அரசின் சொந்தக் கணக்கே கூறுகிறது.

ஆடுகளின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 90 நாட்களுக்கு 45 ரூபாய் வீதம் 4,050 ரூபாய். இறந்த ஆட்டுக்கு 4,000 ரூபாய். காப்பாற்றுவதற்கான செலவு இறப்பு உதவியைவிட 50 ரூபாய் கூடுதல். இந்தக் கணக்கைப் பார்த்து எந்த மாவட்ட நிர்வாகமும் ஆடுகளைக் கைவிடுவதில்லைதான். ஆனால் இரு தொகைகளும் ஒன்றையொன்று கருத்தில் கொண்டு நிர்ணயிக்கப்பட்டவை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

முந்தைய 2015-20 நெறிமுறைகளுடன் ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியவரும். இறந்த பசுவுக்கான தொகை 30,000 ரூபாயிலிருந்து 37,500 ரூபாயாக, அதாவது 25 சதவீதம் உயர்ந்தது. உயிருள்ள பசுவுக்கான முகாம் தொகை 70 ரூபாயிலிருந்து 80 ரூபாயாக, சுமார் 14 சதவீதமே உயர்ந்தது. 400 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர் பொருள் தேவை என்பது கால்நடை வளர்ப்பில் பொதுவான அளவுகோல். தண்ணீரையும் மருந்தையும் ஒதுக்கிவிட்டு 80 ரூபாய் முழுவதையும் தீவனத்துக்கே செலவிட்டாலும், கிலோ 8 ரூபாய்க்குள் வாங்கியாக வேண்டும். வறட்சிக் காலத்தில்தான் தீவன விலை ஏறுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பயிருக்கான விதிகள் ஒப்பீட்டளவில் தெளிவானவை. சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய் என இரண்டு ஹெக்டேர் வரை இடுபொருள் மானியம் கிடைக்கும். பயிர் முற்றிலும் கருகி மடியும்வரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் விதைக்காமல் முளைத்து, மழை பொய்த்ததால் முளைக்காமலே போகும் புல்லுக்கு இதுபோன்ற ஒரு சதவீத அளவுகோல் இல்லை.

முகாம் எட்டும் தூரம்

முகாம் முறை முழுத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. மகாராஷ்டிரத்தில் 2018 அக்டோபர் 31-ஆம் தேதி 151 வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கோடையில் 1,500-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 10 லட்சம் கால்நடைகள் பராமரிக்கப்பட்டன. நெறிமுறை அனுமதித்த தொகை போதாத நிலையில், பெரிய விலங்குக்கு 100 ரூபாய், சிறியதற்கு 50 ரூபாய் வரை மாநில அரசு உயர்த்தி வழங்கியது. பீட், அகமதுநகர், சோலாப்பூர், சாத்தாரா மாவட்டங்களில் பல குடும்பங்கள் அந்த முகாம்களால்தான் மாடுகளை அடிமாட்டு விலைக்கு விற்காமல் தப்பின.

எனினும் அந்த முகாம்கள் யாருக்கானவை என்பதையும் கவனிக்க வேண்டும். மாடுகளுடன் குடும்பத்தில் ஒருவர் முகாமிலேயே தங்க வேண்டும். தார்ப்பாய்க் கொட்டகையில் இரவும் பகலும் கழியும். ஊரில் எஞ்சியோர் வீட்டைப் பார்த்துக்கொள்வர். இரண்டு மூன்று மாடுகள் உள்ள, நிலையாக ஓர் ஊரில் வாழும் விவசாயக் குடும்பத்துக்கு இது கடினமானாலும் இயலக்கூடியது. தீவனமாகப் பெரும்பாலும் கிடைப்பது கரும்பும் கரும்புத் தோகையும்தான். கரும்பையே நெடுநாள் உண்ணும் மாட்டுக்குச் சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு ஏற்படும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. தண்ணீரை அதிகம் உறிஞ்சும் பயிரே தண்ணீர்ப் பஞ்சத்தில் மாட்டின் உணவாகும் விந்தை வேறு.

இருநூறு, முந்நூறு ஆடுகளுடன் நடக்கும் மந்தைக்கு முகாம் பொருந்துவதில்லை. மகாராஷ்டிரத்தின் தங்கர் சமூகத்தினர் தீபாவளிக்குப் பிறகு கொங்கணக் கரையை நோக்கி மந்தைகளுடன் புறப்படுவது வழக்கம். ஆடு நாள் முழுதும் நடந்து, பலவகை இலைதழைகளைக் கடித்துத் தின்னும் விலங்கு. அதை ஓரிடத்தில் கட்டி வைத்து உணவூட்டுவது வளர்ப்போரின் தொழில்முறைக்கே மாறானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.89 கோடி வெள்ளாடுகளும் 7.43 கோடி செம்மறிகளும் உள்ளன. மாடுகளின் எண்ணிக்கை 19.25 கோடி. எண்ணிக்கையில் மாடுகளை மிஞ்சும் ஆட்டினத்துக்கு, மாட்டை மனதில் வைத்து வகுக்கப்பட்ட முகாம் விதியே பொருந்தும் என்ற நிலை நீடிக்கிறது.

புல் பஞ்சத்துக்குத் தனிப் பெயர்

மேற்கு ராஜஸ்தான் மக்களின் வழக்கில் பஞ்சம் மூன்று வகைப்படும். தானியம் விளையாத ஆண்டு 'அகால்'. தண்ணீர் இல்லாத ஆண்டு 'ஜல்கால்'. புல் முளைக்காத ஆண்டு 'தின்கால்'. மூன்றும் ஒருசேர வந்தால் அது 'திரிகால்'. விக்கிரம ஆண்டு 1956-இல், அதாவது 1899-1900-இல் தாக்கிய 'சப்பனியா' பஞ்சம் அத்தகைய திரிகாலாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. தானியம் ஓரளவு விளைந்தும் புல் பொய்க்கக்கூடும் என்பதைப் பாலைவன மக்கள் தனிப் பெயரிட்டுப் பிரித்தறிந்துள்ளனர். வறட்சி அறிவிப்புக்கான அரசின் கையேட்டில் இந்தப் பிரிவினை இல்லை.

2016 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழையளவை முதல் குறியீடாகவும், விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் வழி அறியும் தாவரப் பசுமை, மண் ஈரம், நீர்த்தேக்கங்கள் மற்றும் நிலத்தடி நீரின் நிலை ஆகியவற்றைத் தாக்கக் குறியீடுகளாகவும் கொள்கிறது. இறுதியில் வயலுக்கே சென்று பயிர்ச் சேதத்தைச் சரிபார்க்க வேண்டும்; 33 சதவீதத்துக்கு மேல் என்றால் மிதமான வறட்சி, 50 சதவீதத்துக்கு மேல் என்றால் கடும் வறட்சி. பயிர் இருக்கும் இடத்தில்தான் இந்தச் சரிபார்ப்பு நடக்கும். பயிரே இல்லாத மேய்ச்சல் வெளி, வறட்சி அறிவிப்பைத் தீர்மானிக்கும் இடமாக அமைவதில்லை.

வறட்சி அறிவிக்கப்பட்டாலும் அதன் காலக்கணக்கு மேய்ச்சலுக்குப் பொருந்துவதில்லை. தார்ப் பாலையில் பருவமழை பொய்த்தது செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். அடுத்த புல் மறு ஆண்டு ஜூலைக்கு முன் முளைக்காது. இடையில் ஒன்பது மாதங்கள். விதி தரும் உச்ச அவகாசம், நீட்டிப்பைச் சேர்க்காமல், மூன்று மாதங்கள்.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் நடைமுறை சற்று வேறு. அங்கு வனத்துறை நல்ல ஆண்டுகளில் புல்லை அறுத்துக் கிடங்குகளில் சேமித்து, மழை பொய்த்த ஆண்டுகளில் மானிய விலையில் வழங்குகிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னி புல்வெளியை நம்பி எருமை வளர்க்கும் மால்தாரிகளுக்கு 2018 வறட்சியில் இந்த ஏற்பாடு ஓரளவு உதவியது. ஓரளவு என்பதற்குக் காரணம் உண்டு: அந்த ஆண்டு பல குடும்பங்கள் எருமைகளுடன் மாவட்டத்தை விட்டே வெளியேறின. வெளியேறிய மந்தையைக் கிடங்கின் புல் பின்தொடர்வதில்லை.

ராஜஸ்தானின் ரைக்கா சமூகத்தினருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அவர்களது செம்மறி மந்தைகள் ஹரியாணா, மத்தியப் பிரதேசம் வரை நடந்து செல்கின்றன. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, எருவுக்கு ஈடாக மேய்ச்சலைப் பெறுகின்றன. மாநிலப் பேரிடர் நிதி, பெயருக்கேற்ப, மாநில எல்லைக்குள் நிற்கிறது. வறட்சிக்கு மேய்ச்சல் சமூகம் காலங்காலமாகக் கண்ட தீர்வு இடம்பெயர்வு. நிவாரணத்துக்கு விதி எதிர்பார்ப்பதோ ஓரிடத்தில் இருப்பதை.

தயக்கத்துக்கு என்ன காரணம்?

நிர்வாகத்தின் தயக்கத்துக்கும் அடிப்படை உண்டு. இறந்த மாட்டுக்கு அதிகாரியின் சான்று பெறலாம். முகாமில் உள்ள மாட்டின் காதில் வில்லை மாட்டி எண்ணலாம். முளைக்காத புல்லுக்கு எதைச் சான்றாகக் காட்டுவது? தீவனம் என்ற சொல் அரசுக் கருவூலங்களில் எழுப்பும் அச்சம் வேறு. 1996-இல் அம்பலமான பிகார் மாட்டுத்தீவன ஊழல், வாங்காத தீவனத்துக்கும் இல்லாத மாடுகளுக்கும் போலிப் பட்டியல்கள் மூலம் பணம் எடுக்கப்பட்டதன் கதை. உண்டு முடித்த பின் தடயம் எஞ்சாத பொருளுக்குப் பணம் வழங்கக் கணக்கு அலுவலர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

இதைவிட ஆழமான தடை நில ஆவணத்தில் உள்ளது. பயிர் நிவாரணம் பட்டாவையோ குத்தகையையோ அடிப்படையாகக் கொண்டது. மேய்ச்சல் நிலமோ பொதுநிலம். பல இடங்களில் வருவாய்த்துறைப் பதிவில் தரிசு. நாட்டில் நிரந்தர மேய்ச்சல் நிலமாகப் பதிவாகியிருப்பது ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர். ஆனால் உண்மையில் மேய்ச்சல் நடக்கும் பரப்பு அதற்குள் அடங்குவதில்லை. ராஜஸ்தானின் 'ஓரண்' எனப்படும் கோயில் காடுகளைக் கண்டறிந்து வரைபடமாக்கி, வனமாக வகைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18-ஆம் தேதி உத்தரவிட்டது. ஓரண்களுக்கு இது பாதுகாப்பு என்றாலும், வனம் என்ற பெயர் வந்தபின் மேய்ச்சலுக்குத் தடை வருமோ என்ற கவலையும் உடன் எழுந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை வெளிப்படையாக ஏற்கிறது. அந்த உரிமை பதிவேட்டில் ஏறினால் மட்டுமே, அதில் நேர்ந்த இழப்பு என்ற பேச்சுக்கே இடமுண்டு.

நெறிமுறையில் கால்நடைப் பிரிவின் தலைப்பே 'சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி' என்பதுதான். சிறு, குறு என்பவை நிலத்தின் அளவைக் குறிக்கும் சொற்கள். நிலமே இல்லாத மேய்ப்பரை அந்தத் தலைப்பின்கீழ் எப்படிப் பொருத்துவது என்பது உள்ளூர் அலுவலரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வேறு நாடுகளில்

மேய்ச்சல் இழப்பை அளக்கவே முடியாது என்ற வாதம் வெளிநாடுகளில் செல்லுபடியாகவில்லை. அமெரிக்காவில் 2008 வேளாண் சட்டத்தின் மூலம் கொண்டுவரப்பட்டு, 2014-இல் நிரந்தரமாக்கப்பட்ட கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம், கால்நடை இறந்ததா என்று கேட்பதில்லை. வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும் வறட்சி வரைபடத்தில் ஒரு மாவட்டம் குறிப்பிட்ட தீவிர நிலையை எட்டினால், அங்கு மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் கால்நடை வளர்ப்போருக்கு மாதத் தீவனச் செலவின் 60 சதவீதம் என்ற அளவில் தொகை கணக்கிடப்படுகிறது. வறட்சி கடுமையாக ஆக, எத்தனை மாதங்களுக்கான தொகை என்பதும் கூடும். ஒவ்வொருவரும் தமது இழப்பைத் தனித்தனியே நிரூபிக்கத் தேவையில்லை, வரைபடமே சான்று.

அந்தத் திட்டத்தை அப்படியே இங்கு நடுவதற்கில்லை. மேய்ச்சல் நிலம் சொந்தமாகவோ குத்தகையிலோ இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியச் சூழலுக்கு நெருக்கமானது கென்யா. அங்கு மர்சபிட் பகுதியில் 2010-இல் தொடங்கிய குறியீட்டுக் கால்நடைக் காப்பீடு, செயற்கைக்கோள் காட்டும் தாவரப் பசுமையை அளவாகக் கொண்டது. பொதுநிலத்தில் மந்தையை ஓட்டிச் செல்லும் மேய்ப்பர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. விலங்குகள் இறக்கும்வரை காத்திராமல், தீவனம் வாங்கும் கட்டத்திலேயே பணம் சேரும் வகையில் பின்னர் மாற்றப்பட்டது. 2015-இல் கென்ய அரசே மேய்ப்பர்களுக்காகக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தும் திட்டத்தையும் தொடங்கியது.

இந்தியாவுக்கும் இந்த முறை புதிதன்று. பயிர்களுக்கான வானிலை சார்ந்த காப்பீட்டில், மழையும் வெப்பமும் குறிப்பிட்ட அளவைக் கடந்தால் இழப்பீடு கிடைக்கிறது. கேரளத்தின் மலபார் பகுதி மில்மா ஒன்றியம், வெப்பம் வரம்பைத் தாண்டும் நாட்களைக் கணக்கிட்டுக் கறவை மாடுகளுக்குத் தொகை தரும் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வறட்சியைக் கணிக்கத் தாவரப் பசுமைத் தரவுகள் ஏற்கெனவே தொகுக்கப்படுகின்றன. ஆனால் மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் உள்ள காப்பீடு இறப்புக்கானதே. 2024 பிப்ரவரியில் அதில் பயனாளியின் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கப்பட்டாலும், பசியால் மெலிந்த, பால் வற்றிய, பாதி விலைக்கு விற்கப்பட்ட மாடு அதன் வரம்புக்குள் வராது.

அடுத்த விதிகள்

நடப்பு நெறிமுறைகளின் காலம் 2026 மார்ச் 31-உடன் முடிவடைகிறது. 2026 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகள் 16-வது நிதி ஆணையத்தின் பரிந்துரைக் காலம். புதிய நெறிமுறையில் பெரிய மாற்றம் எதுவும் இன்றியே ஒரு பகுதிச் சிக்கலைத் தீர்க்க முடியும். தீவனத் தொகையை முகாம்களுக்குள் மட்டும் கட்டிப்போடும் வரையறையைத் தளர்த்தி, முகாமுக்கு வர இயலாத மந்தைகளுக்கும் அதே 80 ரூபாய், 45 ரூபாய் என்ற அளவில் வங்கிக் கணக்கு வழியே தொகை செல்ல வகைசெய்யலாம். எண்ணிக்கை மோசடி என்ற அச்சத்துக்கு, முகாம்களில் ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள காது வில்லையே விடையாகவும் அமையலாம். மாநில எல்லையைக் கடக்கும் மந்தைகளுக்கு மட்டும், எந்த மாநிலம் செலவை ஏற்பது என்ற கேள்விக்கு மத்திய அரசுதான் முடிவு காண வேண்டியிருக்கும்.

முகாம் உதவியின் அளவு கால்நடைக் கணக்கெடுப்பின் எண்ணிக்கைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. ஊர் ஊராக நடக்கும் மந்தை எந்த ஊரின் எண்ணிக்கையில் சேர்ந்தது என்பது இதுவரை தெளிவற்றே இருந்தது. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி தொடங்கிய 21-வது கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல் சமூகத்தினரின் கால்நடைகள் முதன்முறையாகத் தனியே பதிவு செய்யப்பட்டன. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தினருக்கும் உரிய சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

காரீஃப் பருவ வறட்சியை அக்டோபர் 30-ஆம் தேதிக்குள் மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்கிறது வறட்சிக் கையேடு. புல் பொய்த்த ஆண்டுகளில் மேற்கு ராஜஸ்தானின் மந்தைகள் அந்தத் தேதி வரை ஊரில் காத்திருப்பதில்லை.